மூக்கில் சார்காய்டோசிஸ்: பொருக்கும் உப்புநீரும்

எனக்கு மூக்கில் சார்காய்டோசிஸ் என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி, "அது நுரையீரல் நோய்தானே?" என்பதுதான். மருத்துவத் துறையில் இருப்பவர்களும் இதையே கேட்டிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இந்த நோய் வந்தவர்களில் சுமார் 90 சதவீதம் பேருக்கு நுரையீரலிலோ மார்புக்குள் இருக்கும் நெறிக்கட்டிகளிலோ அது தென்படும். மூக்கும் சைனஸும் பாதிக்கப்படுவது 1 முதல் 4 சதவீதம் பேருக்கு மட்டும்தான் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அந்தச் சின்னக் கூட்டத்தில் நானும் ஒரு ஆள்.

நோயைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் எதையோ எதிரி என்று நினைத்துக் கூடி, சின்னச் சின்ன முடிச்சுகளாகத் திரண்டு நின்றுவிடுகின்றன. அந்த முடிச்சுக்குப் பெயர் கிரானுலோமா. எதைப் பார்த்துத் திரள்கின்றன என்பது இன்னும் உறுதியாகவில்லை. இது தொற்று நோய் அல்ல, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. புற்றுநோயும் அல்ல. 1889-ல் பிரான்ஸின் எர்னெஸ்ட் பெஸ்னியே, மூக்கும் காதும் நீலச்சிவப்பாக வீங்கிய ஒரு நோயாளியைப் பற்றி எழுதி, அதற்கு லூபஸ் பெர்னியோ என்று பெயர் வைத்தார். 1899-ல் நார்வேயின் சீசர் போக் தோலில் வந்த முடிச்சுகளை நுண்ணோக்கியில் பார்த்து 'சார்காய்டு' என்ற பெயரைக் கொண்டுவந்தார். ஆக, இந்த நோயின் கதையில் மூக்குதான் முந்தி. நுரையீரல் பேச்சு பிறகுதான் வந்தது. இன்றைக்கு மூக்கை யாரும் நினைப்பதில்லை என்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு முதலில் வந்தது அடைப்பு. காலையில் எழுந்தால் இரண்டு பக்கமும் காற்று போகாது. ஆனால் சிந்தினால் எதுவும் வராது. ஒவ்வாமைக்காரர்களுக்குத் தண்ணீராக ஒழுகும், அரிக்கும், அடுக்கடுக்காகத் தும்மல் வரும். எனக்கு அதெல்லாம் இல்லை. எனக்கு இருந்தது பொருக்கு. மூக்கின் உள்சுவரில் காய்ந்து, தடித்து, ஒட்டிக்கொண்டு நிற்கும் பொருக்கு. சில நாள் அது தானாகப் பெயர்ந்து வரும். விரல்நுனி நீளத்துக்கு, பழுப்பும் பச்சையும் கலந்து, ஒரு ஓரத்தில் ரத்தக் கீற்றோடு இருக்கும். அது விழுந்த அரை மணி நேரம் மூச்சு தாராளமாக வரும். மறுபடியும் அதே இடத்தில் புதுப் பொருக்கு கட்ட ஆரம்பிக்கும். இதோடு கன்னத்திலும் நெற்றியிலும் பாரம், அவ்வப்போது ரத்தக் கசிவு, மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போன வாசனை.

இதற்கு முதலில் வைத்த பெயர் ஒவ்வாமை. பிறகு நாள்பட்ட சைனஸ். ஒவ்வாமை மாத்திரை, ஸ்ப்ரே, ஆன்டிபயாடிக் என்று மாற்றி மாற்றி ஓடியது. நடுவில் ஒருமுறை கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். ஆச்சரியமாக எல்லாமே சரியாகிவிட்டது, பொருக்குகூட நின்றது. மாத்திரை முடிந்ததும் பழையபடி வந்துவிட்டது. இப்போது யோசித்தால் அதுவே பெரிய தடயம். ஸ்டீராய்டுக்கு மட்டும் மடங்கி, நிறுத்தியதும் திரும்பி வரும் மூக்கு நோயை வெறும் கிருமித் தொற்று என்று நினைக்கக் கூடாது. மூக்குச் சதை வளர்ச்சியும் ஒவ்வாமையும்கூட ஸ்டீராய்டில் குறையும், அதனால் இதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. ஆனால் பொருக்கும் ரத்தமும் சேர்ந்தால் கதை வேறு. சாதாரண சைனஸில் இந்த அளவுக்குப் பொருக்கு கட்டாது.

ஒரு மருத்துவமனையில், மூக்கின் நடுச்சுவர் வளைந்திருக்கிறது, ஆபரேஷன் செய்து நிமிர்த்திவிடலாம் என்றார்கள். நான் இன்னொரு கருத்து கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன். அது ஏன் முக்கியம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவதாகப் பார்த்த காது மூக்கு தொண்டை மருத்துவர் கேள்விகளை முடித்ததும், மரத்துப்போகும் மருந்தில் நனைத்த பஞ்சை மூக்கில் வைத்துக் காத்திருக்கச் சொன்னார். பிறகு எண்டோஸ்கோப். திரை என் பக்கமும் தெரிந்தது. முதலில் பொருக்கை உறிஞ்சி எடுத்தார். அடியில் இருந்த சவ்வு வழவழப்பாக இல்லை. கூழாங்கல் பாவிய தரை மாதிரி மேடு மேடாக, இடையிடையே மஞ்சள் சாயலில் குருணைகள். நடுச்சுவரிலும் கீழ்ப்பக்க மடிப்பிலும்தான் அதிகம். டாக்டர் திரையில் பேனாவால் தொட்டுக் காட்டி, "இது அலர்ஜி மூக்கு இல்லைங்க. இதுல இருந்து கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்தே ஆகணும்" என்றார்.

பயாப்ஸி பற்றி ஒரு விஷயம் தெரிந்திருப்பது நல்லது. பொருக்கை மட்டும் எடுத்து அனுப்பினால் பிரயோஜனம் இல்லை. அடியில் உள்ள திசு வேண்டும். அதிலும் ஒரு பகுதி, திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் போகும், நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு. ஆனால் ஃபார்மலினில் போட்டால் கிருமிகள் செத்துவிடும், அப்புறம் கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, செய்ய முடியாது. காசநோய், பூஞ்சை கல்ச்சருக்குத் தனியாக ஒரு துண்டு ஃபார்மலின் படாமல் போக வேண்டும். என் டாக்டர் இதை அவராகவே செய்தார். எல்லா இடத்திலும் நடக்கும் என்று சொல்ல முடியாது. பயாப்ஸிக்கு முன்பே, "கல்ச்சருக்கும் அனுப்புவீங்களா டாக்டர்?" என்று ஒரு வார்த்தை கேட்பதில் தப்பில்லை. மறுபடி ஒருமுறை மூக்கில் கத்தரி வைப்பதைவிட அது மேல்.

ரிப்போர்ட்டில் வந்தது, நடுவில் திசு சிதையாத கிரானுலோமா. காசநோய் கிரானுலோமாவில் பெரும்பாலும் நடுப்பகுதி சிதைந்திருக்கும், சார்காய்டோசிஸில் பெரும்பாலும் இருக்காது. இதில் 'பெரும்பாலும்' என்பதை விட்டுவிடக் கூடாது. இந்த வித்தியாசத்தை மட்டும் நம்பி யாரும் தீர்ப்பு எழுத மாட்டார்கள். மூக்கில் கிரானுலோமா உண்டாக்கும் வேறு நோய்களின் பட்டியல் நீளமானது. காசநோய், தொழுநோய், பூஞ்சைத் தொற்று, சிஃபிலிஸ், ரைனோஸ்கிளிரோமா என்ற மூக்குக் கிருமித் தொற்று, ரத்தக்குழாய் அழற்சியில் ஒரு வகையான ஜிபிஏ. அந்த ஜிபிஏவுக்கு ஏஎன்சிஏ என்ற ரத்தப் பரிசோதனை உண்டு, ஆனால் அதிலும் எல்லோருக்கும் பாசிட்டிவ் வராது. சிலவகை நிணநீர்ப் புற்றுநோயும் மூக்கை இப்படி அரிக்கும். கோகெய்ன் உறிஞ்சுவதுண்டா என்றும் என்னிடம் கேட்டார்கள். கோபப்படத் தேவையில்லை. அதுவும் நடுச்சுவரைத் துளைக்கும் என்பதால் கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது. இந்தப் பட்டியலை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தபிறகு மிஞ்சியதுதான் சார்காய்டோசிஸ். அது வரைக்கும் ஸ்டீராய்டை ஆரம்பிக்காமல் பொறுத்திருந்தார்கள். காசநோயோ பூஞ்சையோ உள்ளே இருந்து, மேலே ஸ்டீராய்டைக் கொடுத்தால் அது பரவிவிடும் என்பது காரணம். எனக்கு எரிச்சலாக இருந்தது உண்மை. ஆனாலும் அந்தப் பொறுமை சரியானதுதான்.

ரத்தத்தில் ஏசிஇ என்ற நொதியின் அளவைப் பார்த்தார்கள். இந்த நோயில் அது பலருக்கு ஏறும். எனக்கு நார்மல். உடனே "அப்போ இந்த நோய் இல்லையே" என்று சந்தோஷப்பட்டார் உறவினர் ஒருவர். ஏசிஇ நார்மலாக இருந்தாலும் நோய் இருக்கலாம், அதிகமாக இருந்தாலும் வேறு காரணம் இருக்கலாம். ரத்த அழுத்தத்துக்குச் சிலர் சாப்பிடும் ஏசிஇ தடுப்பு மாத்திரையே அந்த எண்ணைக் குறைத்துவிடும். அந்த ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம்.

பெயர் தெரிந்ததும் மூக்கு டாக்டரோடு வேலை முடிந்துவிடவில்லை. மூக்கில் கண்டுபிடித்தால் உடம்பு முழுக்கத் தேட வேண்டும். மார்பு எக்ஸ்ரே, சிடி, மூச்சுத் திறன் சோதனை, ஈசிஜி, கல்லீரல், சிறுநீரகம், கால்சியம், இவற்றோடு கண் பரிசோதனை. கண்ணில் எந்தத் தொந்தரவும் இல்லையே என்று அதைத் தள்ளிப்போடுபவர்கள் உண்டு. சார்காய்டோசிஸ் கண்ணின் உள்ளே சத்தமில்லாமல் அழற்சியை உண்டாக்கிப் பார்வையைக் கெடுக்கும், அதனால் முதல் சுற்றிலேயே கண் டாக்டரைப் பார்ப்பது கட்டாயம். இதயமும் அப்படித்தான். படபடப்போ மயக்கமோ இருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். என் நுரையீரலில் நெறிக்கட்டிகள் கொஞ்சம் பெருத்திருந்தன, மூச்சுத் திறன் குறையவில்லை. அதற்கென்று தனி மருந்து தேவைப்படவில்லை.

மூக்கின் வெளித்தோலையும் டாக்டர் உற்றுப் பார்த்தார். மூக்கு நுனி, கன்னம், காது மடல் ஆகிய இடங்களில் நீலச்சிவப்பாகத் தடிப்பு வந்தால் அது அந்தப் பழைய லூபஸ் பெர்னியோ. அது இருப்பவர்களுக்கு மூக்கின் உள்ளேயும் நோய் இருக்க வாய்ப்பு அதிகம், நோய் நீண்ட நாள் நிற்கும் சுபாவமும் அதிகம். எனக்கு அது இல்லை. தோலில் இப்படித் தடிப்பு உள்ளவர்கள், தோல் டாக்டரிடம் மூக்கடைப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இப்போது இந்த நோயில் என் நாளின் பெரும்பகுதியைப் பிடித்திருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். மூக்கைக் கழுவுவது. கேட்டால் சப்பென்று இருக்கும். மாத்திரையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசும் டாக்டர்கள்கூட "உப்புத்தண்ணில கழுவுங்க" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். என் அனுபவத்தில், நான் மூச்சு விட்டுத் தூங்குவதற்கு மாத்திரையைவிடவும் இதற்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். பொருக்கு இருக்கும் வரை எந்த ஸ்ப்ரேயும் சவ்வைத் தொடாது. மருந்து பொருக்கின் மேல் பட்டு ஒழுகிவிடும். முதலில் கழுவ வேண்டும், பிறகுதான் மருந்து.

தண்ணீர் விஷயத்தில் சமரசமே கிடையாது. குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் விடக் கூடாது. நெக்ளேரியா ஃபவுலேரி என்ற அமீபா குடித்தால் ஒன்றும் செய்யாது, மூக்கு வழியாகப் போனால் மூளைக்கு ஏறும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் பிழைப்பது அபூர்வத்திலும் அபூர்வம். காய்ச்சி வடித்த தண்ணீர், அல்லது தளதளவென்று 1 நிமிடம் கொதிக்கவிட்டு ஆறிய தண்ணீர். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே வசிப்பவர்கள் 3 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். நான் இரவே கொதிக்கவைத்து மூடிவைத்துவிடுவேன், ஒரு நாளுக்கு மேல் அதை வைத்துக்கொள்வதில்லை.

240 மில்லி தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டி அயோடின் சேர்க்காத உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. சோடா இல்லாவிட்டால் எரியும், அவ்வளவுதான். உப்பு குறைந்தாலும் எரியும், அதிகமானாலும் எரியும். அளவு சரியாக இருந்தால் தண்ணீர் போவதே உறைக்காது. உடம்புச் சூட்டுக்கு வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். அழுத்தினால் பீய்ச்சும் பிளாஸ்டிக் பாட்டில் எனக்கு ஒத்துவந்தது. வாஷ்பேசின் மேல் குனிந்து, வாயைத் திறந்து வைத்து, வாயாலேயே மூச்சு விட்டுக்கொண்டு, ஒரு பக்கம் விட்டால் மறுபக்கம் வரும். எச்சில் விழுங்கக் கூடாது, விழுங்கினால் காதுக்குள் ஏறும். பொருக்கு கெட்டியாக ஒட்டியிருக்கும் நாளில் பாதிப் பாட்டிலை விட்டுவிட்டு ஐந்து நிமிடம் சும்மா நிற்பேன். ஊறிவிடும். மீதிப் பாதியில் முழுசாகப் பெயர்ந்து வந்துவிடும். வராததை விரலால் கிள்ளுவதில்லை, இடுக்கியும் கூடாது. அடியில் இருக்கும் நடுச்சுவர் ஏற்கெனவே நலிந்தது. கிள்ளிக் கிள்ளித்தான் பலருக்கு ரத்தம் வருகிறது, புண்ணாகிறது, கடைசியில் ஓட்டை விழுகிறது. அப்படி வராததை டாக்டர் எண்டோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே எடுத்துவிடுவார், அதற்கென்றே போகலாம்.

கழுவி முடித்ததும் மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது. ஒரு பக்கம் ஒரு பக்கமாக மெதுவாக. பிறகு தலையைக் கவிழ்த்து இரண்டு பக்கமும் சாய்த்தால் சைனஸில் தங்கிய தண்ணீர் கொட்டும். இதைச் செய்யாமல் கிளம்பினால், நாலு பேர் நடுவில் குனியும்போது திடீரென்று மூக்கிலிருந்து தண்ணீர் ஊற்றும். படுக்கப் போவதற்குச் சற்று முன் கழுவினாலும் தண்ணீர் தொண்டையில் இறங்கி இருமல் வரும், ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். பாட்டிலைச் சோப்பு போட்டுக் கழுவிக் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

கழுவிய பிறகு ஸ்டீராய்டு ஸ்ப்ரே. வலது கையால் இடது மூக்குக்கு, இடது கையால் வலது மூக்குக்கு. அப்படிப் பிடித்தால் முனை தானாக வெளிப்பக்கம், கண்ணின் ஓரத்தை நோக்கித் திரும்பும். நடுச்சுவரைக் குறிவைத்து அடித்தால் அங்கே சவ்வு காய்ந்து ரத்தம் கசியும். இந்த நோயில் நடுச்சுவருக்கு ஏற்கெனவே போதுமான தொல்லை இருக்கிறது. பிறகு எனக்கு, உப்புநீரிலேயே புடெசோனைடு என்ற ஸ்டீராய்டைக் கலந்து கழுவும் முறைக்கு மாற்றினார்கள். ஸ்ப்ரே எட்டாத இடத்துக்கும் அது போகிறது. அளவு டாக்டர் சொன்னதுதான், கையால் கூட்டிக் குறைக்கக் கூடாது. பகலில் மூக்கு காய்ந்தால் தண்ணீரில் கரையும் உப்பு ஜெல் தடவிக்கொள்கிறேன். அடைப்பை நொடியில் திறக்கும் ஆக்ஸிமெட்டாசோலின் சொட்டு மருந்து மட்டும் வேண்டாம். மூன்று நாளைக்கு மேல் போனால் அதுவே அடைப்பை உண்டாக்கும், அடியில் இருக்கும் கிரானுலோமாவை அது எதுவும் செய்யாது.

உள்ளுக்குள் சாப்பிடும் மருந்துகளை டாக்டர்கள் நோயின் வேகத்தைப் பார்த்துத் தீர்மானிப்பார்கள். எனக்கு ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். பொதுவாக நாளைக்கு 20 முதல் 40 மில்லிகிராமில் ஆரம்பித்து மாதக்கணக்கில் படிப்படியாக இறக்குவார்கள். மூக்கு திறந்த சந்தோஷத்தில் தூக்கம் போனது, பசி அடங்கவில்லை, முகம் உப்பியது. காலையில் சாப்பிட்ட பிறகு மாத்திரையைப் போட்டால் இரவுத் தூக்கம் கொஞ்சம் தேவலை. சர்க்கரை, ரத்த அழுத்தம், எலும்பு மூன்றையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். திடீரென்று நிறுத்தவே கூடாது. நீண்ட நாள் சாப்பிட்டவருக்கு, உடம்பின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும், சட்டென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது. வாந்தி வந்து மாத்திரை தங்காத நாளும் இதில் சேர்த்திதான், உடனே டாக்டருக்குச் சொல்ல வேண்டும்.

அளவைக் குறைத்துக்கொண்டே வரும்போது ஒரு குறிப்பிட்ட இடத்தில் பொருக்கு மறுபடி தலைகாட்டியது. ஸ்கேனில் தெரிவதற்கு முன்பே வாஷ்பேசினில் தெரிந்துவிட்டது. பழுப்பு கூடியது, ரத்தக் கீற்று வந்தது, கழுவுவதற்கு நேரம் பிடித்தது. ஸ்டீராய்டிலேயே நிற்க முடியாது என்பதால், எதிர்ப்பு அணுக்களை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தைச் சேர்த்தார்கள். இது வாரத்துக்கு ஒருமுறை சாப்பிடும் மாத்திரை. தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. நான் ஒரு கிழமையைக் குறித்துக்கொண்டேன். வீட்டில் எல்லோருக்கும் அந்தக் கிழமை தெரியும், மாத்திரை அட்டையிலும் எழுதி வைத்திருக்கிறேன். கூடவே ஃபோலிக் ஆசிட், அவ்வப்போது ரத்த அணு, கல்லீரல் பரிசோதனை. மது கூடாது. குழந்தை பெறும் திட்டம் இருந்தால் ஆரம்பிப்பதற்கு முன்பே பேசிவிட வேண்டும்.

மூக்கு நோயாளிகளுக்கு இதில் ஒரு தனிக் கண்ணி இருக்கிறது. சைனஸ் தொற்று என்று போனால் ட்ரைமெத்தோபிரிம் கலந்த ஆன்டிபயாடிக்கை யாராவது எழுதிவிடலாம். அது மெத்தோட்ரெக்சேட்டுடன் சேர்ந்தால் எலும்பு மஜ்ஜையை அடித்துவிடும். புதிதாக யார் மாத்திரை எழுதினாலும் "நான் மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுறேன்" என்று முதலில் சொல்லிவிடுங்கள், கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் சிலருக்குக் கொடுக்கிறார்கள், குறிப்பாகத் தோலும் கால்சியமும் தொல்லை கொடுப்பவர்களுக்கு. அதில் விழித்திரையைக் கவனிக்க வேண்டும். ஒரு நாளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்கிறார்கள், தொடக்கத்தில் ஒரு கண் பரிசோதனை, ஐந்து வருடத்துக்குப் பிறகு ஆண்டுதோறும். எதற்கும் மடங்காதவர்களுக்கு இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசி உண்டு. அதற்கு முன் மறைந்திருக்கும் காசநோயும் ஹெபடைடிஸ் பி-யும் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

ஆபரேஷன் விஷயத்தைப் பின்னால் சொல்கிறேன் என்றேன் அல்லவா. நோய் கொதித்துக்கொண்டிருக்கும்போது நடுச்சுவரில் கத்தி வைத்தால் புண் ஆறாமல் ஓட்டை விழலாம், மூக்குத் தண்டே உள்வாங்கிவிடலாம். சைனஸ் வாய் முழுக்க அடைத்து, மருந்துக்கு அசையாமல், திரும்பத் திரும்பத் தொற்று வருபவர்களுக்கு எண்டோஸ்கோபிக் அறுவை உதவும். ஆனால் அது அடைப்பைத் திறக்கும், நோயை எடுக்காது. மூக்கின் வடிவத்தைச் சரிசெய்யும் ஆபரேஷனுக்கு நோய் நீண்ட காலம் அடங்கியிருக்க வேண்டும். ஆபரேஷன் செய்யலாம் என்று யாராவது சொன்னால், பயாப்ஸி எடுத்தாயிற்றா, நோய் அடங்கியிருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டுவிட்டுச் சம்மதம் சொல்லுங்கள்.

வாசனை போனதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, வீட்டில் ஒருநாள் பாத்திரம் தீய்ந்து புகை வரும் வரை. உள்ளேயிருந்து மனைவி ஓடிவந்து, "என்னங்க, பக்கத்துலயே உட்கார்ந்திருக்கீங்க, தீயிற வாடை தெரியலையா?" என்றாள். தெரியவில்லை. அன்றைக்கே புகைக்கும் எரிவாயுக் கசிவுக்கும் அலாரம் வாங்கி மாட்டினோம். மூக்கு வேலை செய்யாதவர்கள் வீட்டில் இது ஆடம்பரம் அல்ல. கெட்டுப்போன சாப்பாடும் நமக்குத் தெரியாது, சமைத்த தேதியை எழுதி வைப்பது ஒன்றே வழி.

வாசனைப் பயிற்சியும் செய்து பார்த்தேன். ஜெர்மனியின் தாமஸ் ஹும்மெல் குழுவினர் 2009-ல் வெளியிட்ட முறை அது. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு என்று நான்கு வாசனைகளைக் காலையும் மாலையும் 12 வாரம் முகர வேண்டும். அவர்கள் சோதித்தது வேறு காரணங்களால் வாசனை இழந்தவர்களிடம். சார்காய்டோசிஸில் அழற்சி அடங்காமல் இதைச் செய்வதில் பெரிய பலன் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்கு மருந்து பிடித்த பிறகுதான் கிராம்பு தெரிய ஆரம்பித்தது, அடுத்தது எலுமிச்சை. ரோஜா இன்று வரைக்கும் இல்லை. பயிற்சியால் வந்ததா, மருந்தால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை.

அப்புறம் வைட்டமின் டி. களைப்பு என்று சொன்னால் போதும், நலம் விரும்பிகள் எல்லோரும் வைட்டமின் டி சாப்பிடச் சொல்வார்கள். களைப்பு இந்த நோயின் கூடப்பிறந்தது, அதற்கும் வைட்டமினுக்கும் எப்போதும் சம்பந்தம் இருப்பதில்லை. கிரானுலோமாவில் இருக்கும் அணுக்கள் வைட்டமின் டி-யைத் தாங்களே வீரியமுள்ள வடிவத்துக்கு மாற்றிவிடும். அதனால் சாதாரணப் பரிசோதனையில் வைட்டமின் டி குறைவாகக் காட்டும்போதே, வீரியமுள்ள வடிவம் அதிகமாக இருக்கலாம். அந்த நேரத்தில் மாத்திரை சாப்பிட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், சிறுநீரகக் கல் எல்லாம் அதன் வேலை. கால்சியத்தையும் வைட்டமின் டி-யின் இரண்டு வடிவங்களையும் பார்க்காமல் இந்த மாத்திரையைத் தொட வேண்டாம்.

டாக்டரிடம் போகும்போது "பரவாயில்லை டாக்டர்" என்று சொல்லிவிட்டு வருவது நமக்கெல்லாம் பழக்கம். அதனால் நான் ஸ்னாட்-22 என்ற கேள்வித்தாளை நிரப்பிக்கொண்டு போகிறேன். மூக்கு, தூக்கம், மனநிலை பற்றி 22 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை. மொத்தம் 110. போன முறை எண்ணோடு இந்த முறை எண்ணை வைத்துப் பார்த்தால் ஏறியதா இறங்கியதா என்பது இருவருக்கும் தெரிந்துவிடும். பொருக்கின் நிறத்தையும் ரத்தத்தையும் ஓரத்தில் குறித்து வைக்கிறேன். மருந்தின் அளவை முடிவு செய்யும்போது டாக்டர் ஸ்கேனுக்கு முன்னால் அந்த ஓரக் குறிப்பைத்தான் படிக்கிறார்.

ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பார்க்க வேண்டாம். முன்பக்கம் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியை விடாமல் 10 முதல் 15 நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அதற்கும் நிற்காவிட்டால் மருத்துவமனை. கண் சிவந்து வலித்தாலும், வெளிச்சம் கூசினாலும், முகத்தின் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டாலும், மயக்கம் வந்தாலும் அன்றைக்கே காட்ட வேண்டும். மூக்கில் இருப்பவர்களுக்குத் தொண்டைக்குள் குரல்வளையிலும் இது வரலாம். குரல் கரகரத்து நாள்கணக்கில் நின்றால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் சொல்லி, அங்கேயும் ஒருமுறை எண்டோஸ்கோப்பை இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது கர்ரென்று சத்தம் வந்தால் அப்பாயின்ட்மென்ட் எல்லாம் பார்க்க வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.